வீட்டைக் கட்டிப் பார்... அதற்கு முன் கிராண்டைப் படித்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தையாவது ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் முடித்து விடலாம். வீடு அப்படியா? அதுவும் கெடாவில், பட்டணத்தை விட்டுத் தள்ளி, மரமும் ஓடையும் சேவல் கூவலும் உள்ள கம்பத்தில், சொந்த மண்ணில், சொந்த வீடு! இந்த ஆசை வந்தவருக்கு இரத்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் கேட்கவே வேண்டியதில்லை.

முதலில் இந்த ஆசை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோலக் கெட்டில் என்று எந்தப் பக்கம் போனாலும், அறுபது வயதைக் கடந்த தமிழரில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்து வீட்டில் தவழ்ந்து, பால்மரக் காட்டில் விளையாடி, பிறகு அதே காட்டில் பால் வெட்டியவர்கள். லயத்தின் முன்னால் வாழை வைத்தார்கள், பின்னால் மாட்டுக் கொட்டகை போட்டார்கள், பக்கத்தில் முருங்கை நட்டார்கள். நாற்பது வருடம் வாழ்ந்தும் அந்த வீடு அவர்களுடையது இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு, முருங்கையை அங்கேயே விட்டுவிட்டுத் தாமானில் வாடகைக்குப் போனவர்களின் மனதில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியை நிரப்பத்தான் இந்த ஓர் ஏக்கர் நிலம். அதனால் இதில் வரும் கூத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்தாலும், ஆசையைக் கேலி செய்ய முடியாது.

நிலத்தின் அருமையை நம் சமுதாயம் ஒரு முறை பாடமாகவே படித்திருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். நிலம் கை மாறியது, லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் கூரையையும் ஒன்றாக இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் பெரிய ஆய்வே செய்து வெளியிட்டார். அந்த நேரத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி என்று சேர்க்கச் சொல்லி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருந்தது? நம் கெடாவில்தான். புக்கிட் சிடிம் தோட்டம். பால் வாளி தூக்கியவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். இன்று 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை நினைத்தபடி கூறு போட்டு விற்க முடியாது, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அது அந்தக் காலத்துக் கண்ணீரில் எழுதப்பட்ட பிரிவு.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பையன் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை, மகள் பினாங்கில். சேமநிதிப் பணம் கையில். கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வருகிறது: "பீடோங் அருகே. மலைக்காட்சி. ஓடை. காய்க்கும் டுரியான் மரங்கள். மூன்று ரெலோங். விலை பேசலாம்."

முதல் சறுக்கல் இந்த ரெலோங்கில். கெடாவிலும் பினாங்கிலும் பழைய ஆட்கள் நிலத்தை ரெலோங்கில்தான் சொல்வார்கள். ஒரு ரெலோங் என்பது ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு, 0.71 ஏக்கர். பெரியவர் மூன்று ரெலோங்கை மூன்று ஏக்கர் என்று மனதுக்குள் எழுதிக்கொள்கிறார். அளவையாளர் வந்து அளந்தால் இரண்டு ஏக்கரும் கொஞ்சமும்தான். "ஐயா, மண்ணு சுருங்கிடுச்சா?" என்று மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வது?

அடுத்து கிராண்ட். நிலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் டுரியான் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், ஓடையில் காலை நனைக்கிறார்கள், படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். கிராண்டை மட்டும் யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டியது அதைத்தான்.

1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் நிலத்துக்கு மூன்று வகைதான் உண்டு: விவசாயம், கட்டடம், தொழில். கம்பத்து நிலம் பெரும்பாலும் விவசாய வகை. 'விவசாய நிலத்தில் வீடே கட்டக் கூடாது' என்று சிலர் பயமுறுத்துவார்கள். 'சொந்த நிலம், என்ன வேண்டுமானாலும் கட்டலாம்' என்று சிலர் உசுப்பேற்றுவார்கள். இரண்டும் சரியில்லை. அந்த நிலத்தில் உரிமையோடு இருப்பவர் குடியிருக்க வீடு கட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வீடு எடுத்துக்கொள்ளும் பரப்பு மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அல்லது 2 ஹெக்டர், எது குறைவோ அது. ஊராட்சி மன்றத்தின் அனுமதி அதற்கு மேல் தனி. அதோடு கிராண்டில் 'சியாராட் ஞாத்தா' என்று ஒரு வரி இருக்கும். வெளிப்படையான நிபந்தனை என்று பொருள். அதில் 'ரப்பர்' என்று இருக்கலாம், 'பழத்தோட்டம்' என்று இருக்கலாம், 'நெல்' என்றும் இருக்கலாம். கெடா நாட்டின் நெற்களஞ்சியம். முடா நீர்ப்பாசனத் திட்டத்தின் பக்கம் நெல் நிலத்தை மலிவாக வாங்கிவிட்டு, அதில் மாடி வீடு கட்ட நினைப்பவர் தவளையோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். நிபந்தனையை மாற்ற மனுப் போடலாம், மாநில அரசு ஒப்புக்கொண்டால் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பது கடிதம் வரும்போதுதான் தெரியும். கடிதத்தை உட்கார்ந்துகொண்டு திறப்பது நல்லது.

இன்னொரு வரியும் பார்க்க வேண்டும்: அது மலாய் ஒதுக்கீட்டு நிலமா? கெடாவில் அந்த வகை நிலம் பரந்து கிடக்கிறது. பழைய கெடா சட்டப்படி மலாய்க்காரர்களும், இந்த மாநிலத்துக்கே உரிய வழக்கமாகச் சயாமியரும்தான் அதில் உரிமை பெற முடியும். நம்மவர் பெயரில் அது பதிவாகாது. "பெயர் மாற்ற வேண்டாம் ஐயா, அதிகாரப் பத்திரம் ஒண்ணு எழுதிக்கலாம், இத்தனை வருசமா எல்லாரும் அப்படித்தான்" என்று தரகர் தேன் குரலில் சொல்வார். அந்த 'எல்லாரும்' யார் என்று கேட்டால் தேநீர் வாங்கிக் கொடுப்பார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

இப்போது பணம் குறைவாக இருப்பவர்களைத் தேடி வரும் வலை ஒன்று. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். 'பங்களா லாட், தவணை முறை, வங்கிக் கடன் தேவையில்லை' என்று விற்பார்கள். மலாயில் இதற்கு 'லாட் லிடி' என்று பேர். லிடி என்றால் விளக்குமாற்று ஈர்க்குச்சி. வரைபடத்தில் அந்தத் துண்டுகள் ஈர்க்குச்சி மாதிரி நீள நீளமாக இருக்கும், அதனால் பேர் பொருத்தம்தான். சட்டம் என்ன சொல்கிறது? விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பாகத்துக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்கு, கீழே பிரிக்க வழியில்லை. ஒவ்வொருவருக்கும் அதற்குக் குறைவான பங்கு வருகிற மாதிரி பெயர் மாற்றுவதற்கும் பொதுவாக வழியில்லை. ஆக, எட்டுப் பேரும் பணம் கட்டுவார்கள், எட்டுப் பேருக்கும் பளபளப்பான கோப்பு கிடைக்கும், நில அலுவலகத்தில் மட்டும் யார் பெயரும் இருக்காது. கடைசியில் எட்டுப் பேரும் ஒரே மரத்தடியில் கூடிச் சங்கம் அமைப்பார்கள். நம்மவர்களுக்குச் சங்கம் அமைக்கவா சொல்லித்தர வேண்டும்? அதற்குத் தலைவர் யார் என்பதில் இரண்டாவது சண்டை.

விற்கிறவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்பது அடுத்த கேள்வி. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்து மாதுக்குச் சொந்தமான நிலத்தை, அவர் போலவே நடித்த வேறொருவர் விற்றுவிட்டார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2000-ஆம் ஆண்டு இறுதியில், நல்லெண்ணத்தோடு வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று தீர்ப்பானது. நிலச் சொந்தக்காரர்களுக்குப் பல வருடம் தூக்கம் போனது. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புத் தவறு என்று சொல்லி மாற்றியது. சொந்தக்காரருக்கு அது நிம்மதி, ஏமாந்து வாங்கியவருக்கு நிம்மதி இல்லை. போலிப் பத்திரத்தின் வழியே நேரடியாக வாங்கியவர் நிலத்தையும் இழக்கலாம், கொடுத்த பணத்தையும் தேடிக்கொண்டு அலையலாம். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து பார்க்க ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் வாழையிலைச் சாப்பாட்டை விடக் குறைவு. நிலத்தின் மேல் கேவியட் இருக்கிறதா, வங்கிக் கடன் இருக்கிறதா, பங்காளிகள் எத்தனை பேர் என்று அதில் தெரிந்துவிடும். பங்காளிகள் என்றதும் ஞாபகம் வர வேண்டியது: தாத்தா பெயரிலேயே இருக்கும் நிலம். பதினொரு வாரிசுகள், ஒருவர் ஆஸ்திரேலியாவில், இருவருக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அப்படிப்பட்ட நிலத்துக்கு முன்பணம் கொடுப்பவர் நிலம் வாங்கவில்லை, ஒரு தொடர் நாடகத்தில் பாத்திரம் வாங்குகிறார்.

பாதை! இதைச் சொல்லாமல் விட முடியாது. பார்க்கப் போன நாளில் கார் நேராக நிலம் வரை போயிருக்கும். போனது பக்கத்துச் செம்பனைக்காரரின் மண் பாதையில். வாங்கி முடித்த மறுமாதம் அவர் சங்கிலி போடுவார். வரைபடத்தில் 'ரிசாப் ஜாலான்' என்று பாதைக்கு ஒதுக்கிய இடம் இருக்கும். தேடிப் போனால் அது ஓடைக்கு நடுவில் இருக்கும், அல்லது யாரோ ஒருவரின் கோழிப் பண்ணைக்குள் இருக்கும். வழியே இல்லாத நிலத்துக்கு வழி கேட்டு நில நிர்வாகியிடம் மனுச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குள் சிமெண்டு மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டியிருக்கும். சங்கிலிக்காரரிடம் தீபாவளிப் பலகாரத்தோடு போய் "அபாங், சௌக்கியமா?" என்று கேட்பது பல இடங்களில் மனுவை விட வேகமாக வேலை செய்திருக்கிறது.

பழைய தோட்டத்து நிலம் என்றால் இன்னொரு பங்காளி இருப்பார். அவர் பெயர் கிராண்டில் இருக்காது. முனியாண்டி. விற்கிறவர், "சின்னக் கல்லுதான் ஐயா, ஒரு ஓரமா இருக்கும்" என்று சொல்லியிருப்பார். கல்லுக்கு மேல் தகரக் கூரை, கூரைக்கு முன்னால் சூலம், சூலத்துக்குப் பக்கத்தில் சேவல். வருடத்துக்கு ஒரு நாள் எங்கெங்கோ சிதறிப்போன பழைய தோட்ட மக்கள் எல்லாம் பேருந்து வைத்து வந்து இறங்குவார்கள். ஒலிபெருக்கி, அன்னதானம், உறுமி. நம் பெரியவர் புதிதாகப் போட்ட புல்தரையில் நானூறு பேர். சட்டப்படி நிலத்தின் பதிவு பெற்ற சொந்தக்காரரே சொந்தக்காரர், எத்தனை காலம் ஆண்டாலும் அனுபவ உரிமை என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. ஆனால் எந்தத் தமிழர் முனியாண்டிக்கு வக்கீல் நோட்டீசு அனுப்புவார்? மூன்றாவது வருடம் பார்த்தால் பெரியவரே கோயில் தலைவர், அவர் மனைவி அன்னதானப் பொறுப்பு. அந்த லயங்கள் இடிந்து போன பிறகும் அந்த மக்கள் திரும்பி வருவதற்கு மிச்சமிருக்கும் ஒரே முகவரி அந்தக் கல்தான். பெரியவருக்கும் அது தெரியும், அவருடைய தோட்டத்துக் கோயிலும் இன்று யாரோ ஒருவருடைய நிலத்தில்தான் இருக்கிறது.

செமிலிங், மெர்போக் பக்கம் என்றால் அதை விடப் பழையவர்களும் மண்ணுக்கடியில் இருக்கக் கூடும். பூஜாங் பள்ளத்தாக்கு அது, சோழர் கல்வெட்டு கடாரம் என்று சொன்ன நாடு. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடங்கள் முன்பு தோட்ட நிலம்தான். இரும்பு உருக்கிய உலைகளும் செங்கல் கட்டுமானங்களும் கிடைத்தன. 2013 இறுதியில் 11-ஆம் எண் சண்டியின் எச்சங்கள் ஒரு மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது வெளியே தெரிந்து நாடே கொதித்தது. கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது பழைய செங்கல் தட்டுப்பட்டால், அதை எடுத்து அடுப்புக் கட்டாமல் அருங்காட்சியகத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மலைக்காட்சியும் ஓடையும் விளம்பரத்தில் அழகு. 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பக்கத்து ஊர்களை மரமும் பாறையுமாக அடித்துப் போனது. 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தில் குப்பாங் பக்கம் அதே கதை, உயிர்கள் போயின. ஓடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அது கோபப்பட்ட வருடத்தில் எது வரை வந்தது என்று பக்கத்துக் கம்பத்து மூதாட்டியிடம் கேட்க வேண்டும். அவர் கையை நீட்டிக் காட்டும் மரத்துக்கு மேலேதான் வீடு.

இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எரிக் ஹாட்ஜின்ஸ் என்ற பத்திரிகையாளர் கனெக்டிகட் கிராமத்தில் வீடு கட்டப் போய்ப் பட்ட பாட்டை வைத்து 1946-இல் 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ்' நாவலை எழுதினார். 1948-இல் அது கேரி கிராண்ட் நடித்த படமாக வந்தது. அதிலும் ஏக்கர் கணக்கு அளந்தபோது குறைந்தது, வாங்கிய பழைய வீட்டை இடிக்க வேண்டி வந்தது, கிணறு தோண்டத் தோண்டப் பாறை, அஸ்திவாரம் தோண்டிய இடத்திலோ தண்ணீர். அவருக்குப் பெயரிலேயே கிராண்ட் இருந்தும் தப்பிக்க முடியவில்லை.

நிலம் முடிந்தது. இப்போது நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டு மாதம், மாதத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம்தான் விழித்திருக்கிறார். அதிலும் பல் துலக்கி, நீராடி, பூசை செய்து முடித்து, அவர் சாப்பிடுவதும் தாம்பூலம் போடுவதுமான கடைசி முப்பத்தாறு நிமிடம்தான் நமக்கு ஏற்றது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் அவர் எழுவதே இல்லை. கெடாவின் வானம் என்ன சொல்கிறது? ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையிலும் நல்ல மழை. ஆக, தையும் மாசியும்தான் வாஸ்து புருஷனும் மேகமும் ஒத்துப்போகும் மாதங்கள். நகராண்மைக் கழகம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. கட்டட வரைபட அனுமதிக் கடிதம் ஐப்பசி அடைமழையில் வந்து சேரும். அனுமதி இல்லாமல் முன்கூட்டியே தூண் எழுப்பினால் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். அதனால் பலர் வாஸ்து நாளில் ஒரு செங்கல்லை மட்டும் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துவிட்டு, அதற்கு ஒரு குடையையும் வைத்துவிட்டு வருகிறார்கள்.

குத்தகையாளர் விசயம் தனி அத்தியாயம். பெரும்பாலும் மச்சானுக்குத் தெரிந்தவர். "நம்ம ஆளுதான் அத்தான், எழுத்தெல்லாம் எதுக்கு?" இந்த ஒரு வாக்கியம் சாய்த்த சுவர்கள் அதிகம். அஸ்திவாரத்துக்கு முன்பே பாதிப் பணம் வாங்கிக்கொண்டவர் அஸ்திவாரத்துக்குப் பிறகு தொலைபேசி எடுக்க மாட்டார். எடுத்தால் அவர் எப்போதும் ஒரு கருமாதி வீட்டில் இருப்பார். வேலை எந்தக் கட்டத்தை எட்டினால் எவ்வளவு பணம், எந்தக் கம்பி, எந்த ஓடு, தாமதமானால் என்ன என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் உறவு கெடாது. எழுதாமல் விட்டுத்தான் மைத்துனர் கல்யாணத்துக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். வீட்டு அம்மாவின் பங்கும் உண்டு. சுவர் எழுந்த பிறகு, "சமையற்கட்டு ஜன்னல் இந்தப் பக்கம் வேண்டாமே" என்பார். ஒரு ஜன்னல் நகர்ந்தால் வரைபடம், பூச்சு, குழாய் எல்லாம் கூட நகரும். விலையும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலம் கை மாறும்போது முத்திரை வரி முதல் ஒரு லட்சம் வெள்ளிக்கு ஒரு விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு என்று ஏறும். சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்க நினைப்பவர்களுக்கு, 2024 மே மாத மாற்றத்துக்குப் பிறகு அது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து. வீடு வாங்கவும் கட்டவும் அதில் வழி உண்டு. தூரத்துக் கம்பம் என்றால் மின் கம்பமும் தண்ணீர்க் குழாயும் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கின்றன என்பதைப் பொறுத்துச் செலவு. மின்சார வாரியத்தையும் கெடாவின் தண்ணீர் நிறுவனமான சாடாவையும் நிலம் வாங்குவதற்கு முன்பே விசாரித்தவர் அதிர்ஷ்டசாலி.

வீடு எழுந்து, சாயமும் பூசியாயிற்று. இன்னும் ஒரு காகிதம் பாக்கி. முன்பு ஊராட்சி மன்றம் கொடுத்த தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, 2007 ஏப்ரல் 12 முதல் சி.சி.சி. என்ற நிறைவுச் சான்றிதழ் வந்தது. அதைக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தருகிறார். அதற்கு முன் ஜி1 தொடங்கி ஜி21 வரை இருபத்தொரு படிவங்களில் மண் வேலை முதல் கழிவுநீர் வரை ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் அதில் அடக்கம். சான்றிதழ் இல்லாமல் குடியேறுவது குற்றம். ஆனால் சோசியர் குறித்த நாள் காத்திருக்குமா? அதனால் கம்பத்துப் பக்கம் புதுவீட்டு விசேஷங்கள் இப்படி நடக்கின்றன: விடியற்காலை வாடகை மின்னாக்கி ஒன்று பக்கத்தில் இரைய, கேஸ் அடுப்பில் பால் பொங்க, சொந்தக்காரர்கள் எல்லாம் மாவிலைத் தோரணத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ள, குரங்குகள் வந்து வாழைப்பழச் சீப்பைத் தூக்கிப் போக, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புது வீட்டைப் பூட்டிவிட்டு, பெரியவரும் அம்மாவும் ஜி21 வரும் வரை தூங்குவதற்காகத் தாமான் வாடகை வீட்டுக்கே திரும்பி விடுகிறார்கள். வரும் வழியில் காரின் பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பு ஈரச் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, நாளைக்கு வந்து நட வேண்டும் என்று அம்மா எடுத்து வைத்தது.